வவுச்சர் எங்கே? இரவு விவாதக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளில் இரவு விவாதம் நடத்தும் நெறியாளர்களுக்கும், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தலைப்பு யோசிப்பவர்களுக்கும், மாலை நான்கு மணிக்கு ஆள் தேடி ஃபோன் அடிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் ஒரு வரி ஆலோசகரின் ஆபீசில் கணக்கு வேலை பார்க்கிறேன். வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்த புதிதில், 2007இல் சேர்ந்தவள். வாட் போய் ஜிஎஸ்டி வந்தது, அதற்கும் எத்தனையோ திருத்தம் வந்தது, நான் அதே மேஜையில்தான் இருக்கிறேன். எங்கள் சாரை ஊரே ஆடிட்டர் என்று கூப்பிடும். அவர் சிஏ படித்தவர் இல்லை. முதலில் எல்லாரையும் திருத்திக்கொண்டிருந்தார், இப்போது விட்டுவிட்டார். மாதா மாதம் 11ஆம் தேதி விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதி வரி கட்டும் 3பி ரிட்டர்ன், நடுவில் நோட்டீசுக்குப் பதில், இப்படித்தான் போகிறது பிழைப்பு. 20ஆம் தேதி மதியத்துக்கு மேல் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும், நாங்கள் அதைப் பார்த்தபடி தேங்காய் பன் தின்றுகொண்டிருப்போம்.

வீட்டுக்கு வந்து குக்கர் வைக்கும்போது மணி எட்டு ஆகிவிடும் என்பதால் உங்கள் நிகழ்ச்சியை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். ஹாலில் ரிமோட் அத்தையிடம் இருக்கும் (மாமியாரைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கம் அத்தை என்றுதான் கூப்பிடுவோம்). சீரியலில் விளம்பரம் வந்தால் என் வீட்டுக்காரர் ரிமோட்டை வாங்கி உங்கள் பக்கம் திருப்புவார், விளம்பரம் முடிந்திருக்கும் என்று அத்தைக்கு மனதுக்குள் மணி அடித்ததும் மறுபடி கைமாறும். ஒருநாள் அத்தை கேட்டார்: "ஏங் கண்ணு, சீரியல்லயாவது ஒருத்தர் பேசுனா மத்தவங்க மூஞ்சிய மூணு மூணு தடவ காட்டி, பேசி முடிக்கற வரைக்கும் உடறாங்க. இவங்க ஏன் எல்லாரும் ஒரே சமயத்துல கத்தறாங்க?" என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.

ஆனால் கத்துவதைப் பற்றி எழுத இந்த மடல் இல்லை. அதைப் பற்றி ஊரில் எல்லாரும் உங்களிடம் சொல்லியாயிற்று, நீங்களே உங்கள் நிகழ்ச்சியில் அதைப் பற்றி ஒரு விவாதம் வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. எனக்கு வேறு ஒரு குறை.

எங்கள் ஆபீசில் யாராவது ஒரு தொகையைச் சொன்னால் அடுத்து வரும் கேள்வி, "வவுச்சர் எங்கே?" லேத் பட்டறை வைத்திருப்பவர் வந்து, மாதம் பத்தாயிரம் டீச் செலவு ஆகிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்பார். நம்ப மாட்டோம் என்றில்லை, அவர் பட்டறையில் டீ வாளி போகிற வேகத்தைப் பார்த்தவர்கள்தான் நாங்கள். இருந்தாலும் வவுச்சர் எங்கே? சார் தன் சொந்த மைத்துனரிடம்கூட இதையே கேட்பார், மைத்துனர் ஒரு வருடம் பேசாமல் இருந்தார். ஒரு எண்ணைச் சொன்னால் அது எந்தக் காகிதத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் தொழில், அதற்கு மேல் அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை.

உங்கள் மேடையில் ஒருவர் ஆயிரம் கோடி என்கிறார், எதிரில் இருப்பவர் இரண்டாயிரம் கோடி என்கிறார், நெறியாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இரண்டு தரப்பும் வெவ்வேறு எண்ணிக்கையைச் சொல்கிறீர்கள், ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு தொடர்வோம்" என்கிறார். இடைவேளை முடிந்து வந்தால் வேறு பேச்சு. அந்த ஆயிரம் கோடி வித்தியாசம் எங்கே போயிற்று? எங்கள் ஆபீசில் நாற்பது ரூபாய் டேலி ஆகவில்லை என்றால் வீட்டுக்குப் போக முடியாது சார்.

கிரீம் பன்னை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் விஷயம் என்பதால் எனக்கு ஒவ்வொரு நாளும் நினைவிருக்கிறது. 2024 செப்டம்பர் 11ஆம் தேதி கோவையில் தொழில்துறையினரோடு நடந்த கூட்டத்தில், ஊரறிந்த ஓட்டல் ஒன்றின் உரிமையாளர் எழுந்து மத்திய நிதியமைச்சரிடம் பேசினார். ஸ்வீட்டுக்கு ஒரு வரி, காரத்துக்கு ஒரு வரி, பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் பன்னையும் கிரீமையும் தனித்தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார், கம்ப்யூட்டரே திணறுகிறது என்று கொங்குக் குசும்போடு சொன்னார், கூட்டம் சிரித்தது. ஓரிரு நாளில் அவர் அமைச்சரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்கும் வீடியோ வெளியே வந்தது, பிறகு அந்த வீடியோவை வெளியிட்டதற்கு பாஜக மாநிலத் தலைவர் வருத்தம் தெரிவித்தார்.

அடுத்த நாட்களில் உங்கள் எல்லாச் சேனலிலும் இதுதான். மன்னிப்பு கேட்டாரா, கேட்க வைத்தார்களா, தமிழர் மானம், கொங்கு மண்ணின் சுயமரியாதை. தப்பென்று சொல்லவில்லை, அது பேச வேண்டிய விஷயம்தான், எனக்கும் அந்த வீடியோவைப் பார்த்தபோது ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி என்ன ஆயிற்று? அந்த வாரம் எங்களிடம் கணக்கு வைத்திருக்கும் ஒரு பேக்கரிக்காரர், இரண்டு மணி நேரம் விவாதம் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஃபோன் போட்டுக் கேட்டார்: "ஏனுங் மேடம், அப்ப நம்ம பன்னுக்கு எத்தனைங்?" இரண்டு மணி நேரம்! அத்தனை பேர் பேசி, ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். 1905 என்று ஒரு எண் இருக்கிறது, பொருள்களை வகை பிரிக்கும் எச்எஸ்என் கோட் என்போம், அடுப்பில் வைத்துச் சுட்ட மாவுப் பண்டம் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். அதே நான்கு இலக்கத்துக்குள் சாதாரண ரொட்டி வரி விலக்கு அட்டவணையில் இருந்தது, ரஸ்க் 5 சதவீதத்தில் இருந்தது, கேக்கும் பேஸ்ட்ரியும் பிஸ்கட்டும் 18இல் இருந்தன. ஆகவே சண்டையெல்லாம் இது ரொட்டியா பேஸ்ட்ரியா என்பதில்தான். இதே சண்டை பரோட்டாவுக்கும் நடந்தது. பாக்கெட் பரோட்டா ரொட்டி வகை இல்லை, 18 சதவீதம் கட்டு என்று 2020இல் கர்நாடகத்தில் முன்தீர்ப்பு ஆணையம் (எதற்கு எத்தனை வரி என்று முன்கூட்டியே கேட்டால் சொல்லும் அமைப்பு) சொல்லிற்று, 2024இல் கேரள உயர் நீதிமன்றம் இல்லை, 5தான் என்றது. இதை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினால் எங்கள் அத்தைகூட ரிமோட்டைக் கேட்க மாட்டார். சாப்பாட்டு விஷயம், யாருக்குத்தான் பிடிக்காது?

பிறகு 2025 செப்டம்பர் 3ஆம் தேதி ராத்திரி. ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் முடிந்து, 12 சதவீதமும் 28 சதவீதமும் போய் 5ம் 18ம்தான் இனிமேல், சிலவற்றுக்கு மட்டும் 40, நடைமுறை 22ஆம் தேதியிலிருந்து என்று அறிவிப்பு வந்தது. உங்கள் திரையில் இது யாருக்கு வெற்றி என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பட்டியலைப் படித்தேன். கேக் 18இலிருந்து 5. மிக்சர் 12இலிருந்து 5. பரோட்டாவுக்கு வரியே இல்லை. "அத்தை, கிரீம் பன் அஞ்சு பர்சன்ட் ஆயிடுச்சு" என்றேன். "கிரீம உள்ள வெச்சேதான?" என்று கேட்டார். அத்தை ஒரு வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறார், அந்தச் சம்பவத்தை வைத்து ஒரு வாரம் ஓட்டிய நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் ஃபோன் ஓயவில்லை. 18 சதவீதம் கட்டி வாங்கின சரக்கு கடையில் கிடக்கிறது, 22ஆம் தேதி 5 சதவீதத்துக்கு விற்றால் கட்டின வரி என்ன ஆகும்? பழைய விலை அச்சிட்ட பாக்கெட்டை என்ன செய்வது? 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பில் போடும் சாஃப்ட்வேரில் யார் உட்கார்ந்து ரேட்டை மாற்றுவது? இதெல்லாம் விவாதிக்க வேண்டிய விஷயமாகவே உங்களுக்குத் தோன்றவில்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஆபீசுக்கே ஒரு சேனலிலிருந்து ஃபோன் வந்தது.

பேசினது சின்னப் பையன், குரலிலேயே களைப்பு தெரிந்தது. "மேடம், ஆடிட்டர் சார் இன்னைக்கு நைட் லைன்ல வர முடியுமா? வரிக் குறைப்புக்கு ஆதரவாப் பேசுவாரா, எதிர்ப்பாப் பேசுவாரா?" நான் சாரைக் கேட்டேன். சார், "நான் விளக்கிச் சொல்றேன்னு சொல்லும்மா" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி மேடம், நடுநிலைன்னு போட்டுக்கறோம்."

சார் அன்று மகள் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நான்தான் லேப்டாப்பை பெட்டி ஃபைல்களின் மேல் ஏற்றி வைத்து, பின்னால் அலமாரி தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பினேன், தடித்த புத்தகங்களைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தேன், உள்ளே ஒளித்து வைத்திருந்த முறுக்கு டப்பாவை எடுத்துவிட்டேன். வரிப் பட்டியலின் பிரதியில் முக்கியமான இடத்திலெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டி சார் கையில் கொடுத்தேன், பதினான்கு சீட்டு. ஒரு மணி நேரத்து நிகழ்ச்சியில் அவர் முறை வந்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. "சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றார் நெறியாளர். சார், "அதாவதுங்க, கையிருப்புச் சரக்கைப் பொறுத்தவரைக்கும் சட்டத்துல என்ன இருக்குன்னா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பி அலமாரியில் கையை வைத்தார். புத்தகம் பாதி வெளியே வந்திருக்கும். "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்" என்று குரல் வந்தது, அடுத்த பெட்டி பெரிதாகிவிட்டது. சார் புத்தகத்தைப் பிடித்தபடியே இன்னும் இருபது நிமிடம் ஓரத்துப் பெட்டியில் சின்னதாகத் தெரிந்துகொண்டிருந்தார். அவருடைய பேத்தி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. உங்கள் நிகழ்ச்சியில் வீட்டிலிருந்து பேசுபவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைத்தான் பார்க்கிறேன். எத்தனை புத்தகங்கள்! சட்டம், வரலாறு, கனமான தொகுதிகள், கலையாத வரிசை. ஒரு அரசியல் விமர்சகர் வீட்டில் ஒரு முழு வரிசை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பளபளக்கிறது, விளக்கு வெளிச்சம் அதில் பட்டு நம் கண்ணில் அடிக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருவராவது பேச்சின் நடுவே திரும்பி ஒரு புத்தகத்தை எடுத்து, "இதோ, இந்தப் பக்கம்" என்று பிரித்துக் காட்டியதை நான் பார்த்ததில்லை. எடுக்கப் போன ஒரே மனிதர் எங்கள் சார், அவருக்கு நடந்ததைத்தான் சொன்னேனே.

இன்னொன்று, நாம் ஒரு ரூபாய் கொடுத்தால் டெல்லி எத்தனை பைசா திருப்பித் தருகிறது என்கிற விவாதம். பொங்கல் தீபாவளி மாதிரி வருடா வருடம் வரும். எனக்கும் இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கோபத்துக்கும் வவுச்சர் வேண்டும் அல்லவா? மத்திய அரசுக்கு வரும் வரியில் செஸ், சர்சார்ஜ் என்று கூடுதலாக வசூலிப்பதில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து, அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், இது மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் போட்ட கணக்கு. அந்த 4.079 எப்படி வந்தது? பணக்கார மாநிலத்துக்கும் மற்ற மாநிலத்துக்கும் உள்ள வருமான இடைவெளிக்கு 45 மார்க், மக்கள்தொகைக்கு 15, நிலப்பரப்புக்கு 15, காட்டுக்கு 10, பிள்ளைப்பேற்றைக் குறைத்ததற்கு 12.5, ஒழுங்காக வரி வசூலித்ததற்கு வெறும் 2.5. இந்த மார்க் ஷீட்டைத் திரையில் போட்டுப் பாருங்கள், நம் கோபம் எந்த வரியின்மேல் வர வேண்டும் என்று பார்ப்பவர்களுக்கே தெரிந்துவிடும், யாரும் கையை ஓங்க வேண்டியதில்லை.

கொடுத்தது எவ்வளவு என்பதே வழுக்குகிற எண் என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனி மும்பையில் தலைமை ஆபீஸ் வைத்திருந்தால் அதன் வருமான வரி மகாராஷ்டிரக் கணக்கில் ஏறும். இப்படிப் பார்த்தால் நம் பங்கு இன்னும் கூடலாம். ஒரு கட்சியின் செய்தித் தொடர்பாளருக்கே சாதகமான விஷயம் இது, அவரும் சொல்வதில்லை, ஏனென்றால் அவரும் படித்துவிட்டு வரவில்லை.

மாநில பட்ஜெட் அன்றைக்கு நீங்கள் செய்வது இன்னும் வேடிக்கை. அறிவித்த தொகையை மட்டும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பேசுகிறீர்கள். பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கு பத்தி இருக்கும்: முந்தின வருடத்துக் கணக்கு, நடப்பு வருடத்துக்குப் போட்ட மதிப்பீடு, அதையே நடுவில் திருத்திய மதிப்பீடு, வரும் வருடத்துக்கான மதிப்பீடு. இதில் முதல் பத்தி ஒன்றுதான் நடந்தது. மற்ற மூன்றும் நடக்கும் என்று சொன்னது. பேங்க் லோனுக்கு நாங்கள் போட்டுக் கொடுக்கும் புராஜெக்‌ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வருடத்தில் எங்களிடம் கணக்கு வைத்திருப்பவர்கள் எல்லாரும் கோடீஸ்வரர்கள், அதை நம்பி யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். போன வருடம் இவ்வளவு ஒதுக்கினீர்களே, திருத்தத்தில் ஏன் குறைந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் எந்த அமைச்சரும் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். எந்தக் கட்சி ஆட்சி என்றாலும் பொருந்தும் கேள்வி இது, உங்கள் நடுநிலைக்கும் பங்கம் வராது.

இதெல்லாம் ரகசிய ஆவணம் இல்லை. பட்ஜெட் உரை தமிழில் கிடைக்கிறது. சட்டமன்றத்தில் துறைக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது, இணையத்தில் சும்மா கிடக்கிறது. நான் முதலில் ஒரு நோட்டீசுக்குப் பதில் தேடப் போய் வணிகவரித் துறையின் குறிப்பைப் படித்தேன், அப்புறம் பழகிவிட்டது. பத்திரப் பதிவு, கைத்தறி, பால்வளம் என்று மாற்றி மாற்றிப் படிக்கிறேன். நடை கொஞ்சம் கட்டைதான், "மேற்கொள்ளப்பட்டு வருகிறது" என்று முடியாத பத்தி கிடையாது. ஆனால் எத்தனை பணியிடம் காலி, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு செலவு என்று அங்கங்கே ஒரு எண் எட்டிப் பார்க்கும்போது எனக்குத் துப்பறியும் நாவல் படிக்கிற சுகம் வருகிறது. என் வீட்டுக்காரர் இதை வெளியே சொல்லாதே என்கிறார்.

நாவலும் படிக்கிறேன், கவலைப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போவேன். பத்திரிகைப் பகுதியில் பெரியவர்கள் ஒரு பேப்பரை நான்காகப் பிரித்து ஆளுக்கொரு தாளாக வைத்துக்கொண்டு, முடித்ததும் கைமாற்றிக்கொள்வார்கள், சத்தமே இருக்காது. அதில் இரண்டு பேர் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் என்று எனக்குத் தெரியும், மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒருவரை ஒருவர் பார்த்து, "ஏழாம் பக்கம் பாருங்" என்பார் ஒருவர். மற்றவர் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். (சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கிறதே, அது எதற்கு என்று எங்களிடம் கணக்கு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் போட்ட பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது அது. கட்டுகிறீர்கள், போய் உட்கார்ந்துவிட்டாவது வாருங்கள் என்பேன்.)

அந்த இரண்டு பெரியவர்கள் செய்வதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். "ஏழாம் பக்கம் பாருங்." விவாதம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம், அன்றைய விஷயத்தின் மூலக் காகிதத்தைத் திரையில் போட்டு நெறியாளர் வாய்விட்டுப் படிக்கட்டும். அரசாணையோ, தீர்ப்போ, மசோதாவோ, பட்டியலோ, எதுவோ. பின்னணி இசை வேண்டாம், தீ எரிகிற கிராஃபிக்ஸ் வேண்டாம். யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் எந்தக் காகிதம் என்று கேளுங்கள், தெரியாது என்றால் அடுத்த முறை அவர் கொண்டுவரும் வரை அந்த எண்ணை விட்டுவிடுங்கள். கருத்து எத்தனை வேண்டுமானாலும் சொல்லட்டும், அதற்கு வவுச்சர் கேட்கவில்லை.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. எங்களுக்கு 20ஆம் தேதி மாதிரி உங்களுக்கு வியாழக்கிழமை ரேட்டிங் வரும் நாள் என்று ஒரு தம்பி சொல்லியிருக்கிறான். அமைதியாகப் படித்துக் காட்டினால் ஆள் அடுத்த சேனலுக்குப் போய்விடுவார் என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்களாம். போகலாம். எங்கள் வீட்டில் எப்படியும் விளம்பரம் வரைக்கும்தான் உங்கள் பக்கம் இருக்கிறோம். ஆனால் கிரீம் பன்னுக்கு எத்தனை என்று தெரிந்துகொள்ள இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்தப் பேக்கரிக்காரர் மாதிரி ஊருக்குப் பத்து பேராவது இருப்பார்கள், அவர்கள் கடைசி வரை பார்த்தார்கள் என்பதையும் மேலே சொல்லுங்கள்.

அடுத்த முறை வரி சம்பந்தமாக ஏதாவது இருந்தால் எங்கள் ஆபீசுக்குத் தாராளமாக ஃபோன் செய்யலாம். சார் வருவார், கோட் தேய்த்துத்தான் இருக்கிறது. ஆதரவா எதிர்ப்பா என்று கேட்க வேண்டாம், திரும்பிப் புத்தகத்தை எடுத்துப் பிரிக்கிற அளவுக்கு நேரம் கொடுத்தால் போதும், பக்கத்தில் நான் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருப்பேன். 20ஆம் தேதி மட்டும் கூப்பிடாதீர்கள், அன்றைக்கு எங்களுக்கு 3பி.

இப்படிக்கு,
கோவையிலிருந்து, குக்கர் விசிலுக்கு நடுவே உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கணக்குக்காரி